சார்ட்டில் 15 நாள், சைட்டில் 28 நாள்

கேள்வி: சார், நான் மதுரையில் ஒரு நடுத்தர கட்டுமான நிறுவனத்தில் பிளானிங் இன்ஜினியர், வயது 27. ஸ்டில்ட் பார்க்கிங்கும் அதன் மேல் ஐந்து மாடியுமாக இரண்டு பிளாக், மொத்தம் 60 வீடுகள். எம்.டி. ஆரம்பத்திலேயே ப்ரைமவேரா என்கிற திட்டமிடல் மென்பொருளை வாங்கிக் கொடுத்து என்னைப் பயிற்சிக்கும் அனுப்பினார். ஒரு தளத்துக்கு 15 நாள் என்று, இரண்டு பிளாக்கும் சேர்ந்தே ஏறுகிற மாதிரி சார்ட் போட்டேன். காங்கிரீட் இறுகும்வரை தாங்குகிற சென்ட்ரிங் சாமான் (பலகை, முட்டு) பிளாக்குக்கு ஒரு செட் இருந்தது. ஆறு தளமும் காங்கிரீட் போட்டு முடித்தபோது இரண்டரை மாதம் பின்தங்கிவிட்டோம். இப்போது கட்டு வேலை, பூச்சு, பிளம்பிங் என்று எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. வீடு வாங்கியவர்கள் மாற்றம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) வீடுகளை முடித்துத் தருவதாகக் கொடுத்த தேதி நெருங்குகிறது. வாரா வாரம் சார்ட்டை அப்டேட் செய்கிறேன், மேஸ்திரிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எம்.டி.யின் மகன் அஜைல் முறைக்கு மாறலாம் என்கிறார். தப்பு என்னிடமா, முறையிலா, ஆட்களிடமா? இந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் முறைகளால் ஒரு கட்டடம் உண்மையிலேயே ஒழுங்காக முடியுமா? ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வு எழுதினால் பயன் உண்டா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது, அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன். தளத்துக்கு 15 நாள், பிளாக்குக்கு ஒரு செட் சென்ட்ரிங் சாமான். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு அடியில் நிற்கிற முட்டை 14 நாளுக்கு முன்னால் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் நீளம் என்றால் 21 நாள். தளத்துக்கு 4.5 மீட்டர் வரை 7 நாள், அதைத் தாண்டினால் 14. இதுவும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குச் சொன்ன கணக்கு, நாம் பெரும்பாலும் வாங்குகிற, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும். சென்ட்ரிங் அடிக்க ஒரு வாரம், கம்பி கட்டி, கரண்ட் பைப் போட்டு, காங்கிரீட் ஊற்றுவதற்குள் இன்னொரு வாரம், அப்புறம் முட்டு நிற்க வேண்டிய 14 நாள். ஒரே செட்டை வைத்துக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போக 28 நாள் ஆகும். முதல் தளத்துக்குக் காத்திருப்பு இல்லை, மீதி ஐந்துக்கும் தலா 13 நாள் இடிக்கிறது. 65 நாள். நீங்கள் சொன்ன இரண்டரை மாதத்தில் பெரும்பகுதி போன இடம் இதுதான், மிச்சம் பத்துப் பன்னிரண்டு நாள் மழையாகவோ தீபாவளியாகவோ இருக்கும்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. பின்தங்குகிறோம் என்று தெரிந்தும் முட்டுகளை அவசரப்பட்டு உருவாமல் 14 நாளும் நிற்க வைத்த உங்கள் சைட் இன்ஜினியர் மரியாதைக்குரியவர். இந்தத் தாமதத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தத் தளங்களுக்கு அடியில் 60 குடும்பங்கள் படுத்துத் தூங்கப் போகிறார்கள். 15 நாள்தான் வேண்டும் என்றால் பிளாக்குக்கு இரண்டு செட் எடுத்திருக்க வேண்டும், கீழ்த்தளம் புதுக் காங்கிரீட்டின் எடையைத் தாங்குமா என்று டிசைனரிடம் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். கூடுதல் செட்டுக்கு வாடகை எவ்வளவு, இரண்டு மாதத் தாமதத்துக்கு வட்டி எவ்வளவு என்று எம்.டி. முன்னால் இரண்டு தொகையை எழுதிக் காட்டியிருந்தால் அவரே முடிவு செய்திருப்பார்.

இந்தக் கணக்குக்கு மென்பொருளே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். சார்ட் போடுவதற்கு முந்தைய நாள் சைட் இன்ஜினியரையும் சென்ட்ரிங் மேஸ்திரியையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசியிருந்தால், "சார், ஒரு செட்ட வச்சுக்கிட்டு பதினஞ்சு நாள்ல எப்படி சார்?" என்று மேஸ்திரியே கேட்டிருப்பார். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: முறைகள் கட்டாயம் பலன் தரும், நான் அதை நம்பித்தான் இத்தனை காலமாக இந்த வேலையைச் செய்கிறேன். ஆனால் உங்கள் நிறுவனத்துக்கு இதுவரை வந்திருப்பது ஒரு மென்பொருள் மட்டும். முறை என்பது வேலையைச் செய்கிறவன், அவனுக்கு வேண்டியதைக் கொடுக்கிறவன், முடிவெடுக்கிறவன் மூன்று பேரும் சேர்ந்து வாக்குக் கொடுத்து, அது நடந்ததா என்று வாரா வாரம் பார்ப்பது. அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ப்ரைமவேராவைக் குறை சொல்லவில்லை. அதற்குள் இருக்கிற சி.பி.எம். (கிரிட்டிகல் பாத் மெத்தட்) நல்ல முறை. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது, அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அதைப் போன்ற பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. அடிப்படை எளிமையானது: எந்த வேலைத் தொடர் ஒரு நாள் தள்ளினால் முழுத் திட்டமும் ஒரு நாள் தள்ளுமோ, அதைக் கண்டுபிடித்து அதன் மேல் கண் வை. ஆனால் வேலைகளின் வரிசையை மட்டும் கொடுத்தால், ஆளும் சாமானும் கேட்ட நேரத்தில் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்ளும். சாமான் எத்தனை செட், எத்தனை கொத்தனார் என்பதை நீங்கள் ரிசோர்ஸாக உள்ளே போட்டால்தான் உண்மையான தேதி வெளியே வரும். பெரும்பாலான சைட்டுகளில் யாரும் போடுவதில்லை. வங்கிக்கும் கிளையன்ட்டுக்கும் காட்ட ஒரு அழகான சார்ட் வேண்டும், ஒருவர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஆயிரம் வரி அடித்துக் கொடுக்கிறார், அதோடு சரி.

மென்பொருள் இல்லாமல் இதே சிந்தனையைக் கையாண்டதற்கு நம் ஊர்ப் பக்கமே சாட்சி இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்திரங்கள், கடலுக்குள் போய்விட்டன. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார், பொறுப்பில் இருந்த ஸ்ரீதரன் என்ற 32 வயது இன்ஜினியர் 46 நாளில் முடித்தார். இதை வீரக் கதையாக மட்டும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த வேலையில் நாளைத் தின்னக்கூடியது புது கர்டர் வந்து சேர்வது. மீனவர்கள் கடலடியில் பழைய கர்டர்கள் கிடக்கிற இடத்தைச் சொல்ல, அவற்றையே தூக்கி மறுபடி பொருத்தினார்கள். காலத்தை முடிவு செய்கிற அந்த ஒரு வேலையையே மாற்றிப் போட்டார்கள். நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குப் பதில் பதினாறு மணி நேரம் வேலை வாங்கியிருந்தாலும் கர்டர் இல்லாமல் என்ன செய்திருக்க முடியும்? உங்கள் சைட்டில் கர்டரின் இடத்தில் இருந்தது சென்ட்ரிங் செட்.

சரி, அது போனது. இப்போது நீங்கள் நிற்கிற இடம் வேறு, கணக்கும் வேறு. தளம் போடும்போது எல்லாரும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள், தாமதம் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது 60 வீடு, ஒவ்வொன்றுக்குள்ளும் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், டைல்ஸ்காரர், பெயிண்டர் என்று ஆறேழு கூட்டம் மாறி மாறி நுழைந்து வெளியே வர வேண்டும். ஒரு கூட்டம் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாரும் நிற்பார்கள், அல்லது காலியாக இருக்கிற வேறு வீட்டுக்குள் புகுந்து வரிசையைக் கலைப்பார்கள். ஃபினிஷிங் கட்டத்தில் ஒரு ப்ராஜெக்ட் சீரழிவது பெரும்பாலும் இப்படித்தான். 60 வீட்டிலும் வேலை நடக்கும், ஒரு வீடும் முடியாது.

நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச்சில் இரும்புத் தூண் நடத் தொடங்கி 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. 102 மாடி, ஒரு வருடம் ஒன்றரை மாதம். சி.பி.எம். வரவே அப்போது இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. இரும்புச் சட்டகம் சராசரியாக வாரத்துக்கு நாலரை மாடி ஏறியது, பின்னாலேயே தளம், அதன் பின்னாலேயே சுவர் என்று எல்லாம் ஒரே வேகத்தில் ஏறின. ஒவ்வொரு மாடியிலும் சின்ன தண்டவாளம் போட்டு வண்டியில் சாமானைத் தள்ளிக்கொண்டு போனார்கள், யாரும் செங்கல்லுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கட்டுகிற நிறுவனத்தினர் டிசைன் கட்டத்திலேயே கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். தனியாக எந்தக் கூட்டமும் வேகமாக ஓடவில்லை, எல்லாரும் ஒரே தாளத்தில் நடந்தார்கள். உங்கள் 60 வீட்டுக்கும் அதுதான் வேண்டும்: வாரத்துக்கு இத்தனை வீட்டில் பூச்சு முடியும், அதே எண்ணிக்கையில் டைல்ஸ், அதே எண்ணிக்கையில் பெயிண்ட். பூச்சு வாரம் ஆறு வீடு, டைல்ஸ் வாரம் மூன்று வீடு என்றால் பூச்சுக்காரரை அவசரப்படுத்தி ஒரு பயனும் இல்லை, டைல்ஸுக்கு இன்னொரு கூட்டம் தேட வேண்டும்.

இதை எப்படி நடத்துவது என்பதற்குத்தான் லாஸ்ட் பிளானர் என்கிற முறை இருக்கிறது. 1990களில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவலும் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். அவர்கள் சைட் சைட்டாகப் பார்த்தபோது, இந்த வாரம் முடிப்போம் என்று எழுதிய வேலைகளில் கிட்டத்தட்ட பாதிதான் அந்த வாரம் முடிந்திருந்தது. அமெரிக்காவிலேயே, நல்ல நிறுவனங்களிலேயே. அதற்கு அவர்கள் கண்ட காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: ஆட்கள் சோம்பேறிகள் இல்லை, செய்யவே முடியாத நிலையில் இருக்கிற வேலையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு முடிக்கவில்லை என்கிறோம்.

உங்கள் சைட்டில் இதைத் தொடங்க ஒரு வெள்ளைப் பலகையும் சனிக்கிழமை மதியமும் போதும். சனிக்கிழமை ஏன் என்றால் அன்று கூலி வாங்க எல்லா மேஸ்திரிகளும் எப்படியும் வருவார்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கூப்பிடுங்கள். ப்ரைமவேரா பிரிண்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பலகையில் இடப்பக்கம் வீட்டு எண்கள், மேலே திங்கள் முதல் சனி வரை. ஒவ்வொரு மேஸ்திரியையும் அடுத்த வாரம் எந்த வீட்டில் எதை முடிப்பார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அவர் கையாலேயே எழுத வையுங்கள், எழுத வராதவருக்கு நீங்கள் எழுதி அவர் பெயரைப் போடுங்கள். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வரும். எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். "ஆகுறதுக்கு என்னண்ணே வேணும்?" என்று கேளுங்கள். டிராயிங் கையில் இருக்கிறதா, டைல்ஸ் சைட்டுக்கு வந்துவிட்டதா அல்லது கடையில் புக் பண்ணியதோடு சரியா, முந்தைய வேலை முடிந்ததா, ஆள் எத்தனை பேர், அந்த அறையில் வேறு யாராவது சாமான் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்களா, இன்ஸ்பெக்ஷன் பாக்கி இருக்கிறதா, போன பில்லுக்குப் பணம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் உண்மை வெளியே வரும். ஏதாவது ஒன்று இல்லையென்றால் அந்த வேலையை அடுத்த வாரப் பலகையில் எழுதக் கூடாது. அது இல்லாததற்கு யார் பொறுப்போ அவர் பெயரை வலப்பக்கம் எழுதி, என்றைக்குள் என்று தேதி போடுங்கள். அந்தப் பெயர்களில் பாதி அலுவலகத்து ஆட்களுடையதாக இருக்கும், சில சமயம் எம்.டி.யின் பெயரே வரும். எழுதுங்கள். பர்ச்சேஸ் மேனேஜரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கேள்விக்கு அங்கே பதில் இருக்காது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, மேஸ்திரி "இல்ல சார், அது இந்த வாரம் ஆகாது" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற இடமாக அந்தக் கூட்டம் இருக்க வேண்டும். முதல் தடவை ஒருவர் அப்படிச் சொல்லும்போது ப்ராஜெக்ட் மேனேஜர் முகத்தைச் சுளித்தால் எல்லாம் முடிந்தது, அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் பழையபடி "ஆயிடும் சார்" தான். ஆகாது என்று முன்கூட்டியே சொல்கிற மேஸ்திரி உங்களுக்குச் சொத்து. அவரிடம் கோபப்படுகிற நிர்வாகம் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது.

அடுத்த சனிக்கிழமை அதே பலகையைப் பார்த்து எத்தனை முடிந்தது, எத்தனை முடியவில்லை என்று எண்ணுங்கள். சதவீதம் போடுங்கள், ஆனால் அதை வைத்து யாரையும் திட்ட வேண்டாம், முடியாத ஒவ்வொன்றுக்கும் காரணத்தை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். சில வாரங்களில் காரணங்கள் குவிகிற இடம் தெரிந்துவிடும். பொதுவாக ஃபினிஷிங்கில் நான் பார்த்தது: வீடு வாங்கியவர் டைல்ஸ் தேர்ந்தெடுக்கவில்லை, எம்-சாண்ட் வரவில்லை, கதவு நிலை வராததால் பூச்சு ஓரம் முடிக்கவில்லை, பாத்ரூமில் பிளம்பர் பைப் போட்டு பிரஷர் டெஸ்ட் பண்ணாமல் போய்விட்டார். பாத்ரூமை மட்டும் தனியாகக் கவனியுங்கள். சுவரில் காடி வெட்டி, பைப் போட்டு, பிரஷர் டெஸ்ட் செய்து, வாட்டர்புரூஃபிங் பண்ணி, தண்ணீர் தேக்கி வைத்துக் கீழ் வீட்டுக் கூரையில் கசிவு பார்த்து, அப்புறம்தான் டைல்ஸ். இந்த வரிசையில் ஒன்றை விட்டுத் தாண்டினால் ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும், உடைத்து ஒட்டிய பாத்ரூம் என்றைக்கும் முழுதாகச் சரியாகாது. 60 வீடு, வீட்டுக்கு இரண்டு பாத்ரூம் என்றால் 120 பாத்ரூம். உங்கள் கட்டடத்தின் முடிவுத் தேதி அநேகமாக அந்த 120 அறைகளுக்குள்தான் இருக்கிறது.

வாரப் பலகையோடு ஆறு வாரம் முன்னே பார்க்கிற ஒரு தாளும் வேண்டும். லிஃப்ட், கதவு ஜன்னல், சமையலறை கிரானைட், மின்சார பேனல் போன்றவை ஆர்டர் கொடுத்தவுடன் வந்து நிற்கிறவை இல்லை. இந்தத் தாளைச் செய்ய உங்கள் ப்ரைமவேரா நன்றாகவே உதவும். எனவே அதைத் தூக்கிப் போட வேண்டாம், மைல்கல் தேதிகளுக்கும் இந்த ஆறு வாரப் பார்வைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தினசரி வேலையைப் பலகைக்கு விட்டுவிடுங்கள். உள்ளே காலண்டரை மட்டும் இன்றைக்கே திறந்து பாருங்கள். அதில் தானாக வருகிற காலண்டர் வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு எட்டு மணி நேரம். மதுரையில் சித்திரைத் திருவிழா வாரத்தில் எத்தனை சித்தாள் வருவார்கள் என்று அதற்குத் தெரியாது. தீபாவளிக்கு உள்ளூர் ஆட்கள் போவார்கள், அதை ஒட்டியே சட் பூஜைக்கு பீகார் ஆட்கள் போவார்கள், அப்புறம் பொங்கல், மார்ச்சில் ஹோலி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப்பூச்சும் வெளிப் பெயிண்டும் பாதி நாள்தான் நடக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே போட்டால் சார்ட் நீளமாகத் தெரியும், எம்.டி.க்குப் பிடிக்காது. பிடிக்காத உண்மைத் தேதியை இன்றைக்குக் கேட்பது அவருக்குமே நல்லது.

வீடு வாங்கியவர்கள் கேட்கிற மாற்றங்களுக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவாகாத டிராயிங்கோடு வேலையைத் தொடங்கினால் எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. சிட்னி ஓப்பரா ஹவுஸ் உலகமே பார்த்த உதாரணம். சிப்பி போன்ற மேற்கூரையை எப்படிக் கட்டுவது என்றே தீர்வு கிடைக்காத நிலையில் 1959ல் அடித்தளத்தைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் வடிவம் கடைசியில் முடிவானபோது அதைத் தாங்கும் பலம் போதாமல் கட்டிய தூண்கள் சிலவற்றை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. 1963ல் முடிய வேண்டியது 1973ல் திறந்தது. 7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 102 மில்லியனில் வந்து நின்றது, வடிவமைத்த உட்ஸோன் நடுவிலேயே விலகிப் போனார். உங்கள் சைட்டில் அதன் சின்ன வடிவம், பூச்சு முடிந்த சமையலறைச் சுவரில் "இங்க ஒரு பிளக் பாயின்ட் வேணும்" என்று வருகிற போன். விற்பனைப் பிரிவு தயங்காமல் சரி என்று சொல்லிவிடும். அந்த ஒரு சரிக்கு எலக்ட்ரீஷியன், கொத்தனார், பெயிண்டர் மூன்று பேர் முடித்த வீட்டுக்குள் திரும்பப் போக வேண்டும்.

இதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசித் தேதிகள் வையுங்கள். மின் பாயின்ட் மாற்றம் சுவரில் காடி வெட்டுவதற்கு முன் இந்தத் தேதிவரை, டைல்ஸ் தேர்வு இந்தத் தேதிவரை, அதற்கு மேல் நிறுவனம் வைத்திருப்பதுதான் ஒட்டப்படும் என்று வாங்கியவர்களுக்கு எழுத்தில் அனுப்புங்கள். மாற்றத்துக்குப் பணமும் நாளும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சைட்டுக்குப் போக வேண்டும். வீடு வாங்கியவர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள் என்று விற்பனைப் பிரிவு பயப்படும். தேதியை முன்னாலேயே மரியாதையாகச் சொன்னால் மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள், சாவி தள்ளிப் போவதற்குத்தான் கோபப்படுகிறார்கள். வாடகையும் வீட்டுக்கடன் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கனம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பணத்தைப் பற்றிப் பிளானிங் இன்ஜினியர் பேசக்கூடாது என்று நினைக்காதீர்கள். ரெரா சட்டப்படி வாங்கியவர்களிடமிருந்து வருகிற தொகையில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால்தான் அதிலிருந்து எடுக்க முடியும். அப்படியானால் வேலை முடிகிற வேகம்தான் பணம் வருகிற வேகம். வேலை நின்றால் பணம் நிற்கும், பணம் நின்றால் சப்-கான்ட்ராக்டர் பில் நிற்கும், பில் நின்றால் ஆள் அடுத்த சைட்டுக்குப் போய்விடும். இதை எம்.டி.யிடம் சொல்லும்போது சார்ட் காட்டாதீர்கள், இந்த மாதம் 8 வீட்டில் டைல்ஸ் முடிந்தால் எவ்வளவு எடுக்கலாம், 4 வீட்டில் முடிந்தால் எவ்வளவு என்று காட்டுங்கள். மேஸ்திரி பில்லுக்கு ஒரு நிலையான நாள் வைத்து, அந்த நாள் தவறாமல் கொடுத்தால், அது எந்த மென்பொருளையும் விட அதிகம் உழைக்கும்.

ரெரா தேதியைத் தள்ளிப் போடுவதை நம்பி இருக்காதீர்கள். போர், வெள்ளம், வறட்சி, புயல், நிலநடுக்கம் போன்றவை தவிர வேறு காரணத்துக்கு, அதுவும் உங்கள் தரப்பில் தவறில்லை என்றால் மட்டும், மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல் நீட்டிப்பு கிடைக்காது. தேதி தவறினால் வாங்கியவர் வட்டி கேட்கலாம், விலகிப் பணத்தைத் திருப்பியும் கேட்கலாம். இன்னொன்று, பெயிண்ட் அடித்தவுடன் முடிந்ததாகக் கணக்குப் போடாதீர்கள். கம்ப்ளீஷன் சர்டிபிகேட், நிரந்தர மின் இணைப்பு, மின் ஆய்வுத் துறையிடமிருந்து லிஃப்ட் உரிமம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. இவற்றை யார் கவனிக்கிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள், பதில் தெளிவாக வராவிட்டால் பலகையின் வலப்பக்கத்தில் முதல் வரி அதுதான்.

அஜைல் பற்றி: அது மென்பொருள் எழுதுகிறவர்களுக்காகப் பிறந்த முறை, செய்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. ஊற்றிய காங்கிரீட்டை மாற்றிப் பார்க்க முடியாது. அடுத்த ப்ராஜெக்ட்டின் டிசைன் கட்டத்தில் எம்.டி.யின் மகன் அதை முயன்று பார்க்கட்டும், அங்கே அது உதவும். சைட்டுக்கு அதிலிருந்து எடுக்கக்கூடியது காலையில் பலகை முன்னால் பத்து நிமிடம் நின்று பேசுவது மட்டும்தான், அதை அவரையே நடத்தச் சொல்லுங்கள். ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் முதலாளி வீட்டிலேயே இருப்பது உங்களுக்குப் பலம், ஒதுக்கிவிடாதீர்கள். மேலே இருப்பவர்கள் சேராமல் எதுவும் நிலைக்காது. அதே ஸ்ரீதரன் டெல்லி மெட்ரோவில் சைட் சைட்டாக இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று காட்டும் கடிகாரம் வைத்தது எல்லாருக்கும் தெரியும், பலர் அந்தக் கடிகாரத்தை மட்டும் வாங்கி மாட்டுகிறார்கள். டெண்டரை முடிவு செய்யவும் ஆளை நியமிக்கவும் அவருக்கு முழு அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. உங்கள் சைட்டில் ஒரு டைல்ஸ் மாற்றத்துக்கு யார் சரி சொல்வது, எத்தனை நாளில் என்று எம்.டி. வரையறுத்துக் கொடுத்தால், கடிகாரம் இல்லாமலேயே நாள்கள் மிச்சமாகும்.

தப்பு யாரிடம் என்று கேட்டிருந்தீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த பென்ட் ஃப்ளூபியர்க் உலகம் முழுவதும் 16,000க்கு மேற்பட்ட பெரிய திட்டங்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார், சொன்ன செலவிலும் சொன்ன காலத்திலும் முடிந்தவை 8.5 சதவீதம். அதனால் இரண்டரை மாதத் தாமதத்துக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. மேஸ்திரிகள் மேலும் பழியில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லையே. சார்ட் போடுகிற வேலையை ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு மற்ற எல்லாரும் நகர்ந்துகொண்ட ஏற்பாடுதான் தப்பு, அதை மாற்றுகிற இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

பி.எம்.பி. எழுதலாம். பட்டதாரிக்கு ப்ராஜெக்ட் நடத்திய அனுபவம் 36 மாதமும், 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள், தேர்வில் 180 கேள்விகள். வளைகுடா நாட்டுக்கோ பெரிய கன்சல்டன்சிக்கோ போக நினைத்தால் அது கதவைத் திறக்கும், ஆனால் கட்டுமானத்துக்கென்று தனியாக அதில் அதிகம் கிடையாது. படிப்பில்தான் ஆர்வம் என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியிலும் கட்டுமான மேலாண்மைக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது, என் தேர்வு அதுவாக இருக்கும். எதுவானாலும் இந்த 60 வீட்டுக்கும் சாவி கொடுத்த பிறகு விண்ணப்பியுங்கள், அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் நேர்முகத்தில் முதலில் கேட்கப் போவது இந்த ப்ராஜெக்ட்டைப் பற்றித்தான். பலகையை ஆரம்பித்துச் சில வாரம் ஆனதும் முடியாத வேலைகளின் காரணப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எதில் முதலில் கை வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.